வசனம் தெரியும், புத்தகம் தெரியுமா?

பிளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்சாச்சு என்பதைத் தெரிந்துகொள்ள நோட்டீஸ் போர்டைப் பார்க்க வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தாலே போதும். உங்கள் காண்டாக்ட் லிஸ்ட்டில் நாலு கிறிஸ்தவ நண்பர்கள் இருந்தால், அதில் ஒருவராவது எரேமியா 29:11-ஐ வைத்திருப்பார். பின்னால் ஒரு சூரிய உதயம், இல்லைன்னா ஒரு மலைப்பாதை. கடவுள் உங்களுக்காக நல்ல திட்டம் வைத்திருக்கிறார், நீங்கள் எதிர்பார்க்கிற முடிவைத் தருவார் என்கிற கருத்துள்ள வசனம் அது. இன்டர்னல்ஸ் வந்தாலும் அதுதான், ரிசல்ட் வந்தாலும் அதுதான், ஆஃபர் லெட்டர் வந்தாலும் அதுதான்.

வைப்பதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு கேள்வி. அந்த 29-ஆம் அதிகாரத்தின் 10-ஆம் வசனத்தில் என்ன இருக்கிறது? கூகுள் பண்ணாமல் சொல்லுங்க பார்ப்போம்.

இந்தக் கட்டுரை முக்கியமாக என்னைப் போலவே சண்டே ஸ்கூல், விபிஎஸ், மனப்பாட வசனப் போட்டி, ராத்திரி குடும்ப ஜெபம் என்று வளர்ந்து, இப்போது ஹாஸ்டலில் இருக்கிறவர்களுக்கு. மற்ற நண்பர்களும் தாராளமாகப் படிக்கலாம். ஒரு பழைய நூலை எப்படிப் படிப்பது என்பது எல்லோருக்கும் பொதுவான கேள்விதானே.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினம் ஒரு வசனம் பார்ப்பது வேறு, தினம் வேதம் படிப்பது வேறு. முதலாவது அந்த நாளைக்கு நம்மைத் தேற்றும். இரண்டாவதுதான் விசுவாசத்துக்கு வேர் விடும். வீட்டை விட்டு வெளியே வந்து, அப்பா அம்மா எழுப்பாமல் நாமே எழுந்து, நாமே முடிவெடுக்கப் பழகுகிற இந்த நாலு வருஷத்தில் நமக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

அந்த லெட்டர் யாருக்கு வந்தது?

எரேமியா 29 ஒரு கடிதம். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து யூதர்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோகிறான். ராஜா எகொனியா, ராஜாவின் தாய், பிரபுக்கள், தச்சர்கள், கொல்லர்கள் எல்லோரும் போகிறார்கள். கி.மு. 597-இல் நடந்தது இது. தச்சரையும் கொல்லரையும் ஏன் குறிப்பிட்டுக் கொண்டுபோனான் என்று யோசித்துப் பாருங்கள். கையில் தொழில் தெரிந்தவன் இல்லாத ஊர் மறுபடி எழும்பாது. அந்தக் காலத்து இன்ஜினியர்களைத்தான் அவன் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். எருசலேமில் இருந்துகொண்டு எரேமியா அவர்களுக்கு எழுதி அனுப்பிய கடிதத்தில் வருவதுதான் நம் ஸ்டேட்டஸ் வசனம்.

இப்போது முந்தைய அதிகாரத்தைத் திருப்புங்கள். 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்று இன்னொரு தீர்க்கதரிசி வருகிறார். ஆலயத்தில், எல்லா ஜனங்களும் பார்க்க, "இரண்டே வருஷம்! போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள்" என்கிறார். எரேமியாவின் கழுத்தில் அடையாளமாகப் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் போடுகிறார். இன்றைக்கு நடந்திருந்தால் அந்த க்ளிப் வைரல் ஆகியிருக்கும். ஆனால் அனனியா சொன்னது நடக்கவில்லை. அந்த வருஷமே அவர் இறந்துபோகிறார்.

எரேமியா சொன்ன கணக்கு வேறு. 10-ஆம் வசனத்தில் அது இருக்கிறது: எழுபது வருஷம்.

எழுபது வருஷம் என்றால் என்ன அர்த்தம்? அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்தவர்களில் பெரும்பாலானவர்கள் சொந்த ஊரைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வேண்டுமானால் பார்ப்பார்கள். அதனால்தான் கடிதத்தின் ஆரம்பத்தில் வரும் கட்டளைகள் அப்படி இருக்கின்றன. வீடு கட்டுங்கள், குடியிருங்கள். தோட்டம் போடுங்கள், அதில் விளைவதைச் சாப்பிடுங்கள். கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள். உங்களைச் சிறைபிடித்த அந்த ஊரின் நன்மைக்காக உழையுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள். "பெட்டியைப் பிரிக்காதீர்கள், சீக்கிரம் கிளம்பிவிடலாம்" என்று சொன்னவர் அனனியா. "பெட்டியைப் பிரித்து அடுக்குங்கள்" என்று சொன்னவர் எரேமியா.

நாம் ஸ்டேட்டஸில் எரேமியாவின் வசனத்தை வைத்துவிட்டு, மனசுக்குள் அனனியாவின் அர்த்தத்தை எடுத்துக்கொள்கிறோம். "கடவுள் நல்ல திட்டம் வைத்திருக்கிறார்" என்பதை "அடுத்த வாரத்துக்குள் ஆஃபர் வந்துவிடும்" என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம்.

இது வெறும் வியாக்கியானப் பிரச்சினை என்றால் எழுதியிருக்கவே மாட்டேன். இதில் ஆட்கள் உடைந்துபோகிறார்கள். எங்கள் டிபார்ட்மென்ட்டில் ஒரு நண்பன். போனைத் திறந்தால் இந்த வசனம்தான் வால்பேப்பர். எட்டு கம்பெனி. அதில் மூன்றில் கடைசி ரவுண்டு வரை போனான். எட்டாவதும் போனதும் வால்பேப்பர் மாறியது, ஒரு பைக் போட்டோ வந்தது. ஜெபக்கூட்டத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். "கேட்டா பிராமிஸ் பண்ணியிருக்கார்னு சொன்னீங்க. எங்கடா?" என்றான். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்து, மெஸ்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து 28, 29 இரண்டு அதிகாரத்தையும் சத்தமாக வாசித்தோம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எழுபது வருஷம் என்று வந்த இடத்தில் அவன் நிறுத்தினான். "அப்போ இது என்னை ஏமாத்தலை. நான்தான் வேற ஏதோ படிச்சிருக்கேன்" என்றான். அவனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் கோபத்தோடாவது மறுபடி படிக்க ஆரம்பித்திருக்கிறான். கோபத்தோடு படிக்கவும் அந்தப் புத்தகத்தில் நிறைய இடம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். கவுன்சிலிங்கில் கேட்ட காலேஜ் கிடைக்காமல், கேட்ட பிராஞ்ச் கிடைக்காமல் இங்கே வந்து, மூன்று வருஷமாக மனசளவில் பெட்டியைப் பிரிக்காமலே இருக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? "இந்த ஊரின் நன்மையைத் தேடு" என்கிற 7-ஆம் வசனம் அவர்களுக்கு 11-ஐ விட அதிகம் தேவைப்படலாம். ஆனால் அதை யாரும் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை.

குறளும் கடிதமும்

ஏன் இப்படி நடக்கிறது? நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் குறள் படித்து வளர்ந்தவர்கள். அரசுப் பேருந்தில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால் ஒரு குறள் இருக்கும். இரண்டே அடி, அதற்குள் ஒரு முழுக் கருத்து. தனியாக எடுத்து எங்கே எழுதி வைத்தாலும் நிற்கும். அப்படி நிற்கவேண்டும் என்றுதான் அது எழுதப்பட்டது.

வேதாகமத்தில் நீதிமொழிகளின் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். ஆனால் மற்றவை? பவுல் எழுதியவை கடிதங்கள். மாற்கு எழுதியது கதை போல் ஓடுகிற ஒரு வரலாறு. யோபு கிட்டத்தட்ட ஒரு நீண்ட வாக்குவாதம். ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து ஒரு வரியை எடுத்துக் குறள் போலப் படித்தால், எழுதியவர் சொல்லாததும் நமக்குக் கேட்கும். அம்மா அனுப்பின மெசேஜில் "காசு அனுப்பிட்டேன்" என்ற வரியை மட்டும் படித்துவிட்டு, "இதுல பரீட்சை ஃபீஸைக் கட்டு" என்ற அடுத்த வரியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? அதே கதைதான்.

வசன எண்களுக்கும் இதில் பங்கு உண்டு. அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கிற வசன எண்களை ராபர்ட் எஸ்தியென் என்ற பிரெஞ்சு அச்சகர் 1551-இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில்தான் முதன்முதலாகப் போட்டார். அதாவது பவுல் "4:13" எழுதவே இல்லை. அவர் ஒரு லெட்டர் எழுதினார், அவ்வளவுதான். எண்கள் தேடி எடுக்க வசதிக்காக வந்தவை, நம்ம கோடில் லைன் நம்பர் மாதிரி. 13-ஆவது லைனை மட்டும் காப்பி பண்ணி ரன் பண்ணினால் புரோகிராம் ஓடுமா?

அந்த பிலிப்பியர் 4:13-ஐயே எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் செய்ய பெலன் உண்டு என்கிற வசனம். ஜிம் ஸ்டேட்டஸிலும் ஸ்போர்ட்ஸ் டே பேனரிலும் நாம் பார்ப்பது. அதை எழுதியவர் அப்போது காவலில், விலங்கோடு இருக்கிறார். அதற்கு முந்தின இரண்டு வசனங்களில் அவர் பேசுவது சாப்பாடு இருந்த நாளையும் பட்டினி கிடந்த நாளையும் பற்றி. இரண்டிலும் திருப்தியாக இருக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டுத்தான் 13-க்கு வருகிறார். கப் ஜெயிப்பதைவிட, தோற்றுவிட்டு ரூமுக்கு வந்து நிம்மதியாகத் தூங்குவதற்குப் பொருத்தமான வசனம் அது. முழுக் கடிதமும் நாலு அதிகாரம்தான். டீ குடிக்கப் போய் வருகிற நேரத்தில் வாசித்துவிடலாம்.

சோதனைக்காரனும் வசனம் சொன்னான்

இது ஏன் முக்கியம் என்பதற்கு வேதத்துக்குள்ளேயே ஒரு காட்சி இருக்கிறது. மத்தேயு 4-ஆம் அதிகாரம். வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்க வந்தவன், ஆலயத்தின் உச்சியில் அவரை நிறுத்தி, "குதி" என்கிறான். அதற்கு ஆதாரமாக ஒரு வசனத்தையும் சொல்கிறான். 91-ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. நம் வீடுகளில் வாசல் கதவில் ஒட்டி வைத்திருக்கிற அதே சங்கீதம். வசனத்தைச் சரியாகத்தான் சொன்னான். பயன்படுத்தின விதம்தான் தப்பு.

இயேசு சொன்ன பதில்களைப் பாருங்கள். மூன்று சோதனைக்கும் மூன்று பதில். மூன்றும் உபாகமம் 6, 8 ஆகிய அதிகாரங்களிலிருந்து வருகின்றன. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நாற்பது வருஷம் இருந்ததை மோசே திரும்பிப் பார்த்துப் பேசுகிற பகுதி அது. வனாந்தரத்தில் நாற்பது நாள் பசியோடு இருக்கிற ஒருவர், வனாந்தரத்தைப் பற்றிய அந்தப் பகுதியிலேயே நின்று பதில் சொல்கிறார். பகுதி முழுவதையும் உள்ளே வாங்கியிருந்தவரின் பதில் அது. எதிரே இருந்தவனிடம் வசனம் மட்டும் இருந்தது.

இன்றைக்கு நமக்கு வசனம் சொல்லுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. யூடியூபைத் திறந்தால் காணிக்கை அனுப்பினால் அரியர் கிளியர் ஆகும் என்பது போலப் பேசுகிற பிரசங்கமும் வரும், நாற்பது வருஷம் உண்மையாக ஊழியம் செய்தவருடைய பிரசங்கமும் வரும். இரண்டு பேரும் வசனம் சொல்லுவார்கள். எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அப்போஸ்தலர் 17-இல் பெரோயா பட்டணத்து ஆட்களைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. பவுல் வந்து பேசியதை ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அதோடு விடவில்லை. அவர் சொன்னது அப்படித்தானா என்று தினந்தோறும் வேதத்தைப் பார்த்துச் சரிபார்த்தார்கள். அப்படிச் செய்ததற்காக அவர்களைப் பாராட்டித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பவுலையே சரிபார்க்கலாம் என்றால், நம் சேனல் ஊழியர்களைச் சரிபார்ப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

தினமும் படிப்பதன் பலன் மனநிம்மதி மட்டும் என்று நினைக்கிறோம். ஏமாறாமல் இருப்பதும் அதன் பலன்தான்.

தொடர்ந்து படித்தால் கண்ணில் படுவது

இந்த செமஸ்டரில் எங்கள் ஹாஸ்டலில் நாங்கள் நாலு பேர் மாற்கு சுவிசேஷத்தைத் தினம் ஒரு அதிகாரமாக முதலிலிருந்து வாசித்தோம். மாற்குதான் இருப்பதிலேயே சின்னது, 16 அதிகாரம். எல்லோருக்கும் சின்ன வயசிலிருந்தே தெரிந்த கதைகள்தான். ஆனால் அடுத்தடுத்து வாசிக்கும்போது வேறு ஒன்று தெரிந்தது.

10-ஆம் அதிகாரத்தில் யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் வந்து, நாங்கள் கேட்பதைச் செய்யவேண்டும் என்கிறார்கள். நான் உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று அவர் கேட்கிறார். உம் வலது பக்கமும் இடது பக்கமும் எங்களுக்கு சீட் வேண்டும் என்கிறார்கள். அதே அதிகாரத்தின் கடைசியில் எரிகோவில் பர்திமேயு என்கிற குருடன் கத்திக் கூப்பிடுகிறான். அவனிடமும் இயேசு அதே கேள்வியைத்தான் கேட்கிறார். அவன் கேட்டது பார்வை. ஒரே கேள்வி, இரண்டு பதில். கூடவே நடந்து வந்தவர்கள் நாற்காலி கேட்டார்கள், ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தவன் கண் கேட்டான். சண்டே ஸ்கூலில் இந்த இரண்டையும் தனித்தனிக் கதைகளாகத்தான் கேட்டிருக்கிறோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் மாற்கு என்ன செய்கிறார் என்று புரிகிறது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் 8-ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதாவில் இன்னொரு குருடன். அவனுக்குப் பார்வை இரண்டு கட்டமாக வருகிறது. முதலில் மனுஷர்கள் மரங்கள் போல மங்கலாகத் தெரிகிறார்கள், பிறகுதான் தெளிவு. அதற்கு அடுத்த பத்தியிலேயே பேதுரு "நீர் கிறிஸ்து" என்று சரியாகச் சொல்கிறார். சொன்ன கொஞ்ச நேரத்திலேயே, சிலுவை வேண்டாம் என்று தடுத்துத் திட்டும் வாங்குகிறார். பேதுருவும் பாதிதான் பார்க்கிறார்! இந்த இரண்டு குருடர்களுக்கும் நடுவே இயேசு மூன்று முறை தன் மரணத்தைப் பற்றிச் சொல்கிறார். மூன்று முறையும் சீஷர்களுக்குப் பிடிபடவில்லை. பார்வை கிடைத்த இரண்டு குருடர்கள் இரண்டு ஓரத்தில், பார்வை இருந்தும் பார்க்காத பன்னிரண்டு பேர் நடுவில்.

இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு, சர்க்யூட் ஒன்று முதல் முறையாக வேலை செய்தால் வருமே, அப்படி ஒரு சந்தோஷம். அதைவிட முக்கியம், அதற்குப் பிறகு வந்த அமைதி. "நானும் எந்தக் கட்டத்துல இருக்கேன்னு தெரியலையே" என்று ஒருவன் சொன்னான். அன்று யாரும் நீளமாக ஜெபம் பண்ணவில்லை. ஆனால் அது நல்ல ஜெபம்.

விசுவாசம் ஆழமாவது என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். உணர்ச்சி கூடுவதைவிட, அந்தப் புத்தகம் நம்மிடம் கேள்வி கேட்க ஆரம்பிப்பது.

ஸ்டேட்டஸில் வராத பக்கங்கள்

கோபத்தோடு படிக்கவும் இடம் உண்டு என்றேன். 88-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் நம்பிக்கையில் முடியும். இது முடியாது. கடைசி வரி வரைக்கும் இருட்டுதான். ஆபகூக் புத்தகம் "எவ்வளவு காலம்தான் கூப்பிடுவது, நீர் கேட்கவே மாட்டீரா?" என்ற கேள்வியோடு ஆரம்பிக்கிறது. மூன்றே அதிகாரம். முடிவில் அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் மகிழ்ச்சியாக இருப்பேன் என்கிற இடத்துக்கு வருகிறார். ஆனால் நடுவில் கடவுளிடம் நேருக்கு நேர் வாதாடிவிட்டுத்தான் வருகிறார்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் மொட்டைமாடியில் நடக்கிற மாணவனுக்கு, சிரிக்கிற வசனங்கள் மட்டும் தெரிந்திருந்தால், "நான் இப்படி உணர்வதே பாவம் போல" என்றுதான் தோன்றும். 88-ஆம் சங்கீதம் தெரிந்திருந்தால், தன்னைப் போன்ற ஒருவனின் ஜெபத்தையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். இது சின்ன வித்தியாசம் இல்லை. அவன் யாரிடமாவது போய் வாய்விட்டுப் பேசுவானா, மாட்டானா என்பதே இதைப் பொறுத்திருக்கலாம்.

"ஆனா..." என்கிறவர்களுக்கு

"அப்போ வாக்குத்தத்த வசனம் எடுப்பதே தப்பா? டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில கார்டு எடுக்கிறோமே?" தப்பு என்று சொல்ல நான் யார். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியன் சபையார் 1731 முதல் ஒவ்வொரு ஆண்டும் தின வசனப் புத்தகத்தை அச்சிட்டு வருகிறார்கள். அதில் பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றும் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஒற்றை வசனம் ஒருவரை உலுக்கியதற்கும் சாட்சி உண்டு. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1939 ஜூனில் நியூயார்க்கில் இருந்தார். நாஜி ஜெர்மனிக்குத் திரும்பாமல் அங்கேயே பாதுகாப்பாக இருந்திருக்கலாம். அப்போது 2 தீமோத்தேயு 4:21 கண்ணில் பட்டது. குளிர்காலத்துக்கு முன்னே வந்து சேர் என்று பவுல் தீமோத்தேயுவைக் கூப்பிடுகிற சாதாரண வரி. அது நாள் முழுக்கத் தன்னை விடவில்லை என்று டைரியில் எழுதினார். ஜூலையில் ஜெர்மனிக்குத் திரும்பினார். 1943-இல் சிறை. 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிட்டார்கள். வயது 39.

ஆனால் கவனியுங்கள். அந்த வரி அவருக்கு ஆறுதல் தரவில்லை, ஆபத்துக்குள் அனுப்பியது. அந்தக் கடிதத்தை எழுதியவர் சிறையில் இருந்தார், நண்பர்கள் பலர் விட்டுப் போயிருந்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதற்குமுன் தான் நடத்திய இறையியல் பள்ளியில், மாணவர்கள் தினமும் காலை அரை மணி நேரம், ஒரே பகுதியை ஒரு வாரம் முழுக்கத் தியானிக்க வேண்டும் என்று பழக்கியவர் அவர். முழுப் புத்தகமும் உள்ளே இருக்கிறவரிடம் ஒற்றை வரி பேசும்போது அதன் எடையே வேறு. நம் பாட்டிகளும் அப்படித்தான். அவர்கள் சொல்லுகிற ஒரு வசனத்துக்குப் பின்னால், ஓரம் கிழிந்து நூல் பிரிந்த ஒரு பைபிள் இருக்கும்.

"அந்தத் தமிழே புரியல." நியாயமான குறை. நம் சபைகளில் புழங்குகிற மொழிபெயர்ப்பு 1871-இல் வந்த யூனியன் பதிப்பின் வழியில் வந்தது. வடமொழிச் சொல் நிறைய. பக்கத்தில் 1995-இல் வந்த திருவிவிலியத்தை வைத்துக்கொள்ளுங்கள். சுவிசேஷம் அங்கே நற்செய்தி, கர்த்தர் அங்கே ஆண்டவர். ஒரு புத்தகத்தில் தெர்மோ புரியலைன்னா இன்னொரு ஆத்தரைப் பார்க்கிறோமே, அதேதான். நம் மொழியில் இந்தப் புத்தகம் கிடைக்க ஆட்கள் ஆயுளைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் மறக்கவேண்டாம். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழை அடியிலிருந்து கற்றுக்கொண்டு, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தார். 1719-இல் இறந்தபோது வயது 36. நமக்கு அது போனில் இலவசமாக இருக்கிறது.

"டைம் இல்ல." இதற்கு நீளமாகப் பதில் வேண்டாம். மாற்குவில் ஒரு அதிகாரத்துக்குப் பத்து நிமிஷம் போதும். எழுத இன்னொரு பத்து.

"ஒரு நாள் விட்டுட்டா குற்ற உணர்ச்சி வருது." பைபிள் ஆப்பில் ஸ்ட்ரீக் போய்விட்டால் கடவுளோடு இருந்த உறவும் போய்விட்டது போலச் சிலர் வருத்தப்படுகிறார்கள். வேதம் படிப்பது அட்டென்டன்ஸ் இல்லை, 75 சதவீதம் குறைந்தால் கண்டோனேஷன் கட்ட. விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அவ்வளவுதான்.

28 நாள்

சரி, ஏன் தினமும்? ஞாயிற்றுக்கிழமை சேர்த்து மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் ஆகாதா? சிவில் நண்பர்களைக் கேளுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு தினமும் தண்ணீர் விட்டு க்யூரிங் பண்ணுவார்கள். சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது ஏழு நாள். ஏழு நாள் தண்ணீரையும் ஒரே நாளில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. வெளியே பார்த்தால் முதல் நாளும் ஏழாம் நாளும் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே பிடிப்பு ஏறிக்கொண்டிருக்கும். அதன் பலத்தை 28-ஆம் நாள் சோதிப்பார்கள்.

அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாற்கு 16, பிலிப்பியர் 4, ஆபகூக் 3, யாக்கோபு 5. மொத்தம் 28 அதிகாரம், 28 நாள். ஒரு வரலாறு, ஒரு சிறைக் கடிதம், ஒரு வாக்குவாதம், காசு பற்றியும் நாக்கு பற்றியும் முகத்துக்கு நேராகப் பேசுகிற இன்னொரு கடிதம்.

எப்படிப் படிப்பது என்பதற்குப் பெரிய முறை எதுவும் வேண்டாம். போனை விட அச்சுப் புத்தகம் நல்லது, நோட்டிஃபிகேஷன் வராது. ஒரு பழைய லேப் நோட்டின் மீதிப் பக்கங்கள் போதும். ஒரு அதிகாரம் வாசியுங்கள். யார் பேசுகிறார், யாரிடம், எந்த நிலைமையில் என்று ஒரு வரி எழுதுங்கள். புரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள், தாண்டிப் போகாதீர்கள். இன்றைக்கு இது என்னிடம் என்ன கேட்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். அதையே ஜெபமாகச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் யாரோடாவது உட்கார்ந்து அந்தக் கேள்விக்குறிகளைப் பேசுங்கள். பதில் தெரிந்தவர்தான் வேண்டும் என்று இல்லை, கூட உட்கார ஒரு ஆள் போதும்.

28 நாள் கழித்து உங்களுக்கு வேலை கிடைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது அனனியாவின் வேலை. ஆனால் யாராவது உங்களிடம் ஒரு வசனத்தைச் சொல்லி நம்பச் சொன்னால், "அதுக்கு முந்தின வசனத்தையும் வாசிங்க அண்ணா" என்று கேட்கிற தைரியம் வந்திருக்கும்.

மாற்கு 1-ஆம் அதிகாரம். இன்றைக்கு ராத்திரியே ஆரம்பிக்கலாம்.